நூற்றுப்பத்தாம் துறை

குழித்துறையில் உட்கார்ந்து
துறைகளை மூடிக்கொண்டிருக்கிறேன்.
வாவுபலிக்குச் சனம் இறங்கும் ஆற்றுத்துறை அல்ல,
ரப்பர்க் கம்பெனி மெயில் சர்வரில்
எண் மட்டும் போட்ட வாசல்கள்.

ஞாயிறு. பஜாரில் ஷட்டர் எல்லாம் இறங்கியாயிற்று.
பென்சிகர் முதலாளி அரைமனதாய்ச் சம்மதித்திருக்கிறார்:
"ஓடுத மிஷினத் தொடாதன்னா கேக்க மாட்ட.
திங்களாச்ச லோடு நின்னா
நீதான் பதில் சொல்லணும், கேட்டியா?"

இருபத்தைந்தைத் தொடவில்லை.
அது வெளியூர்க் கடிதம் வரும் வழி.
கோட்டயத்து விலை நிலவரமும்
பரிசு விழுந்ததென்று சொல்லும் பொய்யும்
ஒரே நடையில்தான் செருப்பைக் கழற்றும்.
ஐந்நூற்று எண்பத்தேழில்
கடவுச்சொல் கேட்காமல் யாரையும் அனுப்புவதில்லை.
பழைய டிஎல்எஸ் இரண்டையும் அணைத்தேன்.
பூட்டுகள்தான் அவை,
கொண்டை ஊசிக்கே வாய் திறக்கிற பூட்டுகள்.

மிச்சம் நூற்றுப்பத்து.
பாப் என்கிற பழைய நெறி.
சிரட்டையில் வடிந்த பாலை வாளியில் கவிழ்த்துவிட்டு
வெறுஞ்சிரட்டையை மரத்திலேயே விட்டுப்போகிற மாதிரி
கடிதங்களை எடுத்துப்போகும்,
சர்வரில் சொட்டு வைக்காது.
பதிவேட்டைப் பார்த்தால்
இந்த வாசலுக்கு வருகிற ஆள் ஒருவர்தான்.
குலசேகரம் குடோன். கணக்கர் ஏசுவடியான்.
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை
பெயரையும் கடவுச்சொல்லையும்
உறையில் போடாமல் உள்ளங்கையில் விரித்து
வழிநெடுகக் காட்டிக்கொண்டே வருவார்.
அவருக்கு அது தெரியாது.

மெயில் தாமதம் என்று மூன்று முறை புகார்.
மூன்று முறையும் பாக்கெட்டைப் பிடித்துப் பிரித்தேன்.
தேடியது தாமதத்தை.
அகப்பட்டது
ஆங்கிலத்தில் ஐந்தெழுத்தாய்க் 'கடன்',
ஒட்டினாற்போல் ஆறு இலக்கம்.
வைகாசியில் 148000.
மாதாமாதம் மாற்றுங்கள் என்று சொன்னவள் நான்தானே,
ஆடியில் 121500.
ஐப்பசி மழையில் 124000, ஏறியிருந்தது.
அன்று சாயங்காலம் எனக்குச் சோறு இறங்கவில்லை.
யாருக்கு, எதற்கு, முதலா வட்டியா?
கேட்கலாம்.
உனக்கெப்படித் தெரியும் என்பாரே.

மாசி பிறந்தது. மூடினேன்.
சர்வீஸை நிறுத்தி மறுபடி எழுப்பினேன்.
நூற்றுப்பத்தில் ஒரு தட்டல். மறுப்பு.
பத்து நிமிடம் கழித்து இன்னொன்று.
ஆளில்லாத குடோனில்
அணைக்க மறந்த கணினி
ராத்திரி முழுக்கத் தட்டியது.

ஏழரைக்குப் போன்: "மக்களே, மெயிலு வரல்ல."

ஆற்றூர் தாண்டி, திருவட்டாறு தாண்டி, பஸ்.
புகையேறிய ஷீட்டின் வாடை
ரோட்டுக்கே வந்து கூட்டிப்போனது.
பென்டிரைவில் கொண்டுபோன புது மெயில் புரோகிராம்,
ஐமேப்,
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்று,
குறியாக்கம் கட்டாயம்.

"இனி நீங்க என்ன அடிச்சாலும்
நடுவழியில ஒருத்தரும் படிக்க முடியாது."
"இதுக்கு முந்தி படிக்கலாமாயிருந்தா?"
கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.
நான் ஷீட் அடுக்கைப் பார்த்தேன்.
மேலே ஒரு பல்லி இருந்தது. அதையும் பார்த்தேன்.

"கடவுச்சொல்ல நீங்களே போடுங்க."
நாற்காலியைத் தள்ளிக்கொடுத்தேன்.
ஒற்றை விரலால்
ஒவ்வொரு விசையாய்த் தேடி அடித்தார்.
சன்னல் பக்கம் திரும்ப
எனக்குக் கொஞ்சம் பிந்திவிட்டது.

கட்டத்தில் கறுப்புப் புள்ளிகள்.
பதினொன்று இருக்கவேண்டும்.
பத்துதான் இருந்தன.

இன்னொரு தரம் எண்ணாமல்
ஓகேயை அமுக்கச் சொன்னேன்.